பதில் சொல்லும் சாவி

முருகையாவுக்குச் சாமியிடம்கூடக் கொசுறு கேட்டுத்தான் பழக்கம். சிரம்பான் நகரத்துத் தெமியாங்கில் துணி வியாபாரி மகனாகப் பிறந்து, எதை வாங்கினாலும் மேலே கொஞ்சம் கேட்டே வளர்ந்த வாய் அது. ஆயுத பூஜையன்று கோயில் வாசலில் பூசாரி காருக்குப் பொட்டு வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். முருகையா விடவில்லை.

"மேலுக்குத் தெளிச்சா போதுமா சாமி? ஓடுறது உள்ள இருக்கிற இஞ்சின்லா" என்று பானெட்டைத் திறந்தார். குடத்தில் மிச்சமிருந்ததைத் தானே வாங்கி இஞ்சின்மேல் கவிழ்த்தார்.

மறுநாள் கார் கிளம்பவில்லை.

வந்தது தீபாவளிக்கு முந்தைய சம்பள வாரம். சனிக்கிழமை லாபு எஸ்டேட்டுக்குச் சேலை மூட்டையோடு முதலில் போகிறவருக்குத்தான் வியாபாரம். இரண்டாவதாகப் போகிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டாவது இடத்தில், முருகையாவுக்குப் பின்னால், இத்தனை வருஷமாக நின்று சலித்த சேலைக்காரி மோகனா, அடுத்த தெருவில் புது வேன் வாங்கி நிறுத்தியிருந்தாள்.

ரஹாங்கிலிருந்து எலெய்ன் வந்து பார்த்தாள். கார்களின் மின்சார வேலை அவளுடையது. பானெட்டுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கழற்றித் திறந்தாள். உள்ளே பச்சைப் பலகையில் மஞ்சள் காய்ந்து, ஓரமெல்லாம் பொரிந்திருந்தது.

"இதுதான் ஈசியூ, அங்கிள். காரோட மூளை. இதுல யாரு மஞ்சத்தண்ணி ஊத்துனது?"

"சாமி தண்ணிமா அது."

"சாமி தெளிச்சிருப்பாரு. ஊத்துனது ஆசாமி."

சனிக்கிழமை விடிந்ததும் பழைய இரும்புக் கடையிலிருந்து, விபத்தில் நசுங்கிய அதே ரகக் காரின் பெட்டியோடு வந்தாள். முருகையா கையில் வாங்கி எடை பார்த்தார். "செத்த காரு மூளைதானே, பாத்துப் போட்டுக் குடு."

"மொதல்ல ஓடட்டும்லா."

மாட்டினாள். இஞ்சின் பற்றியது, ஒரு மூச்சு விட்டது, அணைந்தது.

"ஓட்டைப் பொட்டிய என் தலையில கட்டிட்டானா?"

"நல்ல பொட்டிதான். உங்க சாவிய அதுக்குத் தெரியல. கள்ளன்னு நெனக்கிது." சாவியை உருவிக் காட்டினாள். "இது தலைக்குள்ள அரிசி அளவு ஒரு சில்லு இருக்கு. பேட்டரி கெடையாது. நீங்க சாவியத் திருப்புறப்ப காரு ஒரு கேள்வி கேக்கும், சாவி பதில் சொல்லும். பதில் தப்புன்னா இஞ்சின் ஓடாது."

"தெனம் ஒரே கேள்விதானே?"

"ஒவ்வொரு தடவையும் வேற கேள்வி அங்கிள். வேற பதில்."

முருகையா சாவியையே பார்த்தார். அவர் காது குடைந்த சாவி அது. அப்பா மொத்த வியாபாரியோடு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் ஒட்டி நிற்பவனுக்கும் தொகை தெரியாது. அப்படியொரு பேச்சு இத்தனை வருஷம் தன் கைக்குள்ளேயே நடந்திருக்கிறது, தன் காதில் விழாமல்.

எலெய்ன் பழைய பலகையில் எறும்பளவு இருந்த ஒரு கறுப்புச் சில்லைத் துடைத்து, அதை ஒரு கிளிப்பால் கவ்விப் பிடித்து லேப்டாப்பில் இணைத்தாள். திரையில் எழுத்தும் எண்ணுமாக வரிகள் இறங்கின.

"மூளை போச்சு, ஞாபகம் இருக்கு. உங்க சாவியோட ரகசியம் அப்படியே இருக்கு பாருங்க."

அதைப் புதுப் பெட்டிக்குள் எழுதினாள். சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதையை முருகையா கேட்டிருக்கிறார். கூட்டை இப்போதுதான் பார்த்தார்.

சாவியைத் திருப்பினார். இஞ்சின் பற்றியது. நின்றுபோகவில்லை, ஏறியது, தாழ்ந்தது, உதறியது. அந்த நேரம் பார்த்து மோகனாவின் வேன் ஹாரன் அடித்தது.

"லாபுக்குத்தான் போறேண்ணே. அங்க யாருக்காச்சும் ஏதும் சொல்லணுமா?"

முருகையாவின் கால் ஆக்சிலரேட்டரைத் தேடியது.

"மிதிக்காதீங்க" என்றாள் எலெய்ன். "இப்பதான் அது உங்க இஞ்சினப் படிக்கிது. எவ்வளவு காத்து விடணும், எப்படி விட்டா சீரா ஓடும்னு. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க."

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. முருகையா காலை எடுத்துக்கொண்டார். தன் கல்யாணத்திலேயே வாய் மூடாத மனுஷன், மூச்சை அடக்கிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். புது மருமகள் புகுந்த வீட்டு உப்புக் கணக்கைத் தேடுவதுபோல் இஞ்சின் கூட்டிப் பார்த்தது, குறைத்துப் பார்த்தது. பிறகு உதறல் அடங்கி ஒரே சீராக ஓடியது. அவர் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

லாபு போய்ச் சேர்ந்தபோது மோகனா கடை விரித்து முடித்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். முருகையா மூட்டையை அவிழ்க்கவில்லை. "ஏன்ணே இவ்ளோ லேட்டு?" என்று தண்ணீர்ச் செம்போடு வந்த எஸ்டேட்டு ராக்கம்மாவிடம் சாவியை நீட்டினார்.

"இதுக்குள்ள ஒருத்தன் இருக்கான் ராக்கம்மா. கேட்டா பதில் சொல்றான்."

விற்பதற்காகச் சொல்லவில்லை, வேறெதுவும் வாயில் வரவில்லை. ராக்கம்மா தன் கார் சாவியைத் தேடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், பின்னாலேயே நாலு பேர். கடைசியில் விரித்த சேலைகளை அப்படியே விட்டுவிட்டு மோகனாவும் வந்தாள், கையில் வேன் சாவியோடு.

"என்னோடதும் பேசுமாண்ணே?"

"பேசும் தங்கச்சி. நம்மள மாதிரி இல்ல. கேட்டதுக்கு மட்டும் பேசும்."

"அதெல்லாம் சரி" என்றாள் ராக்கம்மா. "மூட்டைய எப்ப அவுப்பீங்க?"