தலைதட்டிய குவளை

“கையெழுத்துதானே, போட்டுட்டாப் போச்சு. ஆனா இருபத்தாறு வருஷமா குதிரைச் சாணி வாரினவளுக்குக் குதிரையப் பத்திப் பாடமா? அதுவும் வீட்டுல உக்காந்துகிட்டு, தபால்ல? குதிரையையும் உறைக்குள்ள போட்டு அனுப்புவாங்களாமா?”

“அனுப்பினா நேரா உன் கடைக்குத்தான் ஓட்டிட்டு வருவேன். நாலு காலுக்கும் டயர் மாட்டி விடு.”

கோர்மக் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். சனிக்கிழமை மத்தியானம். கில்டேர் ஊருக்கு வெளியே அந்த டயர் கடையில் மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை. ஃபிடெல்மா மேசைக்கு எதிரே கிடந்த பழைய டயர்மேல் மெல்ல உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் உட்காருவதற்கே முன்கூட்டித் திட்டம் போட வேண்டியிருந்தது. இடுப்பில் குதிரை உதைத்த இடம், முழங்கால், வாளி தூக்கித் தூக்கி இறங்கிப்போன வலது தோள். நாற்பத்தெட்டு வயது. முதலாளி மலக்கியின் லாயத்தில் காலை ஆறு மணிக்கு முதல் கதவைத் திறக்கும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டதுபோல் ஓர் அலுப்பு வந்துவிடுகிறது. தீவன மில்லில் ஆலோசகர் வேலை ஒன்று வரப்போகிறது. நாற்காலி உண்டு, வெந்நீர்க் குழாய் உண்டு. சான்றிதழ் வேண்டும்.

மூன்று படிப்புகளின் விவரத்தாள்கள் ஒரு மாதமாக அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கின. ஒன்றில் கடற்கரையில் ஓடும் வெள்ளைக் குதிரை. ஆறு வாரத்தில் சான்றிதழ், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னொன்றைப் புரட்டவே தூக்கம் வந்தது. மூன்றாவது இரண்டு வருடம். படமே இல்லை. அதன் மாதிரிப் பாடம் ஒரே வரியில் தொடங்கியது: ‘மேலே படிப்பதற்கு முன், நீங்கள் தீவனம் அள்ளும் குவளையை எடைபோட்டுப் பாருங்கள்.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு குதிரைகளுக்கு அவள் கைதான் படியளக்கிறது. இருந்தாலும் லாயத்துக் குவளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைத் தராசில் வைத்தாள். தலைதட்டிய ஒரு குவளை ஓட்ஸ் தொள்ளாயிரம் கிராம். அதே குவளையில், மில்லில் அழுத்திச் செய்த குச்சித் தீவனம் ஆயிரத்து முந்நூறு. தராசைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அள்ளினாள். மூன்று முறையும் ஆயிரத்து முந்நூறு.

அன்றிரவே அந்தப் படிப்பைத்தான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வியை ஒரு காகிதம் கேட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு சாட்சி வேண்டும். முதலாளியாக இருக்கக் கூடாது, உறவாக இருக்கக் கூடாது. இரண்டு வருடமாவது கூட வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். அப்படி அவளுக்கு இருந்தது, முன்பு அதே லாயத்தில் வேலை பார்த்த கோர்மக் ஒருவன்தான்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான். உரக்கப் படித்தான்: “‘விண்ணப்பதாரர் குதிரைகளுக்கு அளவறிந்து தீவனம் அளிப்பவரா?’ அட, இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆம்னு ரெண்டு தடவை எழுதலாமா?”

“கொஞ்சம் இருடா.”

பைக்குள் கைவிட்டாள். பச்சை பிளாஸ்டிக் குவளையை மேசைமேல் வைத்தாள். கோர்மக்கின் முகம் உடனே மாறியது. அந்தக் குவளையை அவனும் ஆறு வருடம் பிடித்திருக்கிறான்.

“அந்தக் குதிரை ஹேசலுக்குக் காலையில மூணு குவளை, சாயங்காலம் மூணுன்னு பலகையில எழுதியிருந்தேன்ல?”

“மறந்துருவேனா?”

“அது ஓட்ஸ் கணக்கு. அந்த வசந்தத்துல ஓட்ஸை நிறுத்திட்டுக் குச்சி வாங்கினோம். நான் பலகைய மாத்தல. குச்சி கனம், கோர்மக். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ரெண்டரைக் கிலோ கூடப் போயிருக்கு. ஓட்டமும் இல்லாம நின்ன குதிரை.”

மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. தீவனம் மிஞ்சிப்போய் ஹேசலின் முன்னங்கால் குளம்புகள் கொதித்ததும், நிற்க முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து நின்றதும், கடைசியில் இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்ததும் இருவருக்கும் தெரியும். கோர்மக் குவியல் குவியலாக அள்ளிப் போட்டுவிட்டான் என்று மலக்கி கத்தியதும், “தலைதட்டித்தான் போட்டேன், ஃபிடெல்மாகிட்டக் கேளுங்க” என்று இவன் சொன்னதும். அவளைக் கேட்டார்கள். “பலகையில சரியாத்தான் எழுதியிருக்கு,” என்றாள். அந்த ஒரு வரி. அதன்பிறகு இந்த மாவட்டத்தில் எந்த லாயமும் அவனை உள்ளே விடவில்லை.

“எனக்கு அப்பத் தெரியாதுடா.”

“தெரியாதுன்னு தெரியும்.” நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். “நாலு வருஷம். நானே நினைச்சுப்பேன், ஒருவேளை குவியலாத்தான் அள்ளிட்டேனோன்னு.”

மேசை ஓரத் தட்டில் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் ஈயக் கட்டிகள் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் குவளைக்குள் போட ஆரம்பித்தான். டக். டக். ஃபிடெல்மா விண்ணப்பத்தைப் பார்த்தாள். ‘ஆம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டும் அதில் இருந்தது. பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் கையெழுத்தோடு பேருந்தில் ஏறியிருக்கலாம். மலக்கிக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை வேலை இருக்காது. மில்லில் ஆள் எடுப்பவன் மலக்கியின் தம்பி. திங்கட்கிழமைதான் விண்ணப்பத்துக்கும் கடைசி நாள். இடுப்பு வலித்தது.

குவளை நிரம்பியது. கோர்மக் வழக்கம்போல உள்ளங்கையால் அதன் தலையைத் தட்டிச் சமன்செய்தான். கொக்கியிலிருந்து வேன் சாவியை எடுத்து, பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி, இப்ப என்கிட்டச் சொன்னத மலக்கிகிட்ட வந்து சொல்றியா, ஃபிடெல்மா? நான் உள்ளகூட வரல. வாசல்ல வண்டியிலயே இருக்கேன்.”

அவள் குவளையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கையால் இழுக்க, அது அசையவில்லை.