நிறம் போன தண்ணீர்

மயிலாத்தாளுக்குக் கண்தான் சோறு போட்டது. திருப்பூரில் புருஷனின் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பது அவள் வேலை. சாம்பிள் துணியையும் சாயம் ஏறிய துணியையும் சேர்த்து வைத்து, ஒரு பொட்டு நீலம் தூக்கல் என்று அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அவளுக்கு அண்ணன் இல்லாமல் போனதும் அந்தக் கண்ணால்தான்.

பதினோரு வருஷம் ஆகிறது. நொய்யலின் கீழ்க்கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நாச்சிமுத்து, தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு பட்டறைக்கு வந்தார். தங்கச்சியிடம் நீட்டினார். ஐயோ அண்ணா, நம்ம கிணறா இது என்று ஒரு வார்த்தை, பேச்சுக்காவது கேட்டிருக்கக் கூடாதா? பழக்க தோஷம். பாவி மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போன வாரம் நாம போட்ட மெரூனாட்டவே இருக்குதுங்ணா" என்றாள்.

நாச்சிமுத்து பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இனி உன் வீட்ல கை நனைக்க மாட்டேன் அம்மிணி" என்றார்.

சொன்னபடியே இருந்தார். அவள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. வெளி விசேஷங்களில் எதிர்ப்பட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். பந்தியில் அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ரசத்தில் உப்புக் கூடிப்போய் இலையைத் தள்ளுகிறாரா என்று தூணோரம் நின்று பார்த்துவிட்டு வருவாள். அண்ணன் ஒரே ஒரு நாள் வந்து தன் கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போனால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

பட்டறைச் சாயத்தண்ணீர் வெளியே போவது நின்று எட்டு வருஷமாகிவிட்டது. ஆனாலும் கிணறு தெளியவில்லை. வெளுத்த ரோஸில் அப்படியே நின்றது.

காங்கேயத்துக் கரி ஆலை ஒன்றில் கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவி கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விட்ட கரியாக்குகிறார்கள், அது சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் பெண்டாட்டி ருக்மணியிடம் போனில் கெஞ்சினாள். ருக்மணி நங்கைக்கும் மனசு கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் தோப்புக் கொட்டாங்குச்சி நாலு மூட்டை ஆலைக்குப் போய்க் கரியாகத் திரும்பியது. கிணற்றுத் தண்ணீர் ரெண்டு கேன் தங்கச்சி வீட்டுக்கு வந்தது.

ஆளுயரக் குழாயில் கரியை நிரப்பித் தண்ணீரை ஊற்றினாள். முதலில் கறுப்பாய்த்தான் வடிந்தது. ஏழு தடவை கரியை அலசினாள். எட்டாம் தடவை வடிந்த தண்ணீரை, நிறம் ஒத்துப்பார்க்கிற ஷேடு பெட்டி விளக்கின்கீழ், வெள்ளைத் துணிக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு நிறம் இல்லை. அழுதுவிட்டாள். வாய் வைத்துப் பார்க்கவில்லை. பட்டறைக்காரர்கள் வடித்த தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. போதாக்குறைக்கு, முதல் வாய் அண்ணனுடையதாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை வேறு.

மறுநாளே பாட்டிலும் சொம்புமாகப் போய் நின்றாள். நாச்சிமுத்து களத்தில் மட்டை பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சொம்பு நிறைய ஊற்றி நீட்டினாள்.

"எங்க வீட்டுத் தண்ணியில்லீங்ணா. உங்க கெணத்துத் தண்ணிதான். உங்க தோப்புக் கொட்டாங்குச்சிக் கரிலதான் வடிச்சேன்."

அவர் சொம்புக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, மடமடவென்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"நெறம் போயிருச்சு" என்றார். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். வா என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது அவளுக்கு. சாப்பிட்டுப் போகச் சொல்லி ருக்மணி கூப்பிட்டதைக்கூடக் காதில் வாங்காமல் பஸ் ஏறிவிட்டாள். அழுது அழுது தொண்டை வறண்டது. பாட்டிலின் அடியில் மிச்சம் கிடந்ததை வாயில் கவிழ்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். அவ்வளவு உப்பு. உப்பும் கசப்பும்.

சாயம் துணியில் பிடிக்கவென்று தொட்டிக்கு மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டியவள் அவளேதான். நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கரி உப்பை விட்டுவிட்டிருக்கிறது. அது அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தத் தண்ணீரையா ஒரு சொம்பு, முகம் சுளிக்காமல் குடித்தார்? ரசத்தில் ஒரு கல் உப்புக் கூடினால் இலையைத் தள்ளுகிற மனுஷன்!

மயிலாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நிறுத்துங்க, எறங்கோணும்."

"இப்பத்தானுங்கக்கா ஏறுனீங்க? எதையாச்சும் உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"எங்கண்ணன் ஊட்ல சோறு திங்காம வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினாள்.