பழைய ஆயிலில் ஓடிய வீடு

2023 ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பத்தைந்துக்கு, நெய்வேலி நகரியம் பதினொன்றாம் பிளாக்கில் மாணிக்கம்மாள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் ஸ்டார்ட் ஆனது. முதலில் இரண்டு முறை செருமியது. பிறகு அடுக்களைப் புகைபோக்கி வழியாகக் கருப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே சீராக உறுமத் தொடங்கியது. சுவரோரம் அடுக்கியிருந்த தட்டுகள் தாளம் போட்டன. கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் ஈரத்துணியோடு நின்ற மாணிக்கம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு.

இதற்கெல்லாம் காரணம் அவளுடைய கணவர் சாமிக்கண்ணு. அவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, பீடிகூட இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் கீழே கொட்ட விடமாட்டார். ஜீப்பும் வேனும் பஸ்ஸும் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தார். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், டப்பாவில் பாதி மிஞ்சிய பிரேக் ஆயில், தூசி விழுந்துபோன கூலன்ட், எதுவானாலும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிப் பழைய பால் கேனில் ஊற்றி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மனிதன் வேண்டாம் என்று ஒதுக்குவதில் முக்கால்வாசிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. மாணிக்கம்மாளோ வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஊரார் துணியில் ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. ஆகவே அந்த வீட்டில் கேனுக்கு ஒரு சண்டை நடந்தது.

கல்யாணமான வருஷமே கதவு, ஜன்னல், நிலை என்று எல்லா மரத்துக்கும் கறையான் வராமலிருக்க என்ஜின் ஆயில் அடித்தார். தையல் மெஷினின் கால் மிதிக்கும் அதையே விட்டார். பிளாக்கிலேயே கறையான் ஏறாத வீடு அது ஒன்றுதான் என்பதை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் துருவேறி இறுகியபோது பிரேக் ஆயில் விட்டார். தாழ்ப்பாள் இளகியது, கூடவே கதவில் அடித்திருந்த பச்சைப் பெயின்ட்டும் தோல் உரிந்துகொண்டு வந்தது. மூன்று நாள் பேச்சு இல்லை. குழாயில் உப்பு படியாது என்று சொல்லி கூலன்ட்டைக் கக்கூஸ் பிளஷ் டேங்கில் ஊற்றினார். மகள் அன்புக்கரசியைப் பெண் பார்க்க நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த பெரியவர் உள்ளே போய், பளபளவென்று பச்சையாகத் தண்ணீர் கொட்டுவதைக் கண்டு, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அந்தச் சம்பந்தம் முறியாமல் போனது அன்புக்கரசியின் அதிர்ஷ்டம். எல்லாவற்றிலும் பெரிய சண்டை, தையல் மெஷினின் கைச்சக்கரத்துக்கு பவர் ஸ்டியரிங் ஆயில் விட்டதற்காக நடந்தது. பக்கத்து வீட்டு ஷாஜியாவின் நிக்காஹ் ஜாக்கெட்டில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்துவிட்டது. மாணிக்கம்மாள் எட்டு நாள் அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

டீசலுக்கு மட்டும் அவள் வாசற்படியிலேயே தடை போட்டாள். பில்டரில் வடித்த, தண்ணீர் கலந்த டீசல் ஒரு கேன் கொண்டுவந்திருந்தார். துடைக்கிற தண்ணீரில் ஒரு மூடி விட்டால் எறும்பு வராது, சிவப்புத் தரையில் முகம் பார்க்கலாம் என்று கெஞ்சினார். "என் பொணத்தத் தாண்டித்தான் அது வூட்டுக்குள்ள வரணும்," என்றாள். அவர் கேனைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தார். வருஷக்கணக்கில் அது அங்கேயே இருந்தது.

சொந்த மனை வாங்கியதும் அதே புத்தியோடுதான். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தை மனை போட்டு விற்றதில், யாருக்கும் வேண்டாமல் மூலையில் மிஞ்சிய துண்டை வாங்கி வந்தார். அளவைக் கேட்டதும் மாணிக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றி நடக்கக்கூட இடம் விடாமல் எவனாவது வீடு கட்டுவானா என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றாள், போகவும் இல்லை. அவரே ஒரு லீவு நாளில் போய் நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டு வந்தார்.

போன ஆடி மாதம், முதல் ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் நிற்கவில்லை. குவார்ட்டர்ஸ் வேலை செய்கிறவருக்குத்தான். ஆபீசில் கிளார்க்காக இருக்கும் அறிவுச்செல்வன் நல்ல பிள்ளை, கேட்டபோதெல்லாம் தவணை வாங்கிக் கொடுத்தான். ஆனால் அந்த வரிசையே இடிக்கும் பட்டியலில் இருந்தது, ஜனவரிக்கு மேல் தள்ள முடியவில்லை. மகள் வீடு ஒரே அறை, அதில் ஆறு பேர். அம்மா ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம், மெஷினை மட்டும் விற்றுவிட வேண்டும் என்று மருமகன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மெஷின் போனால் அவள் ஊருக்குத் தைக்கிற மாணிக்கம்மாள் இல்லை, சோற்றுக்குக் காத்திருக்கிற ஒரு மாமியார்.

அழுக்கு வீட்டை ஒப்படைத்தால் நாளைக்கு யாராவது பேசுவார்கள் என்று கடைசி நாள் விடியற்காலையில் தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். மூட்டைகளுக்கு அடியில் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. கொல்லைக்குப் போய் அந்தக் கேனைத் தூக்கி வந்தாள். தன் பொணம் என்று அவள் சொல்லியிருக்க, போனது அவர். அழுதுகொண்டே வாளியில் ஒரு மூடி விட்டு அறை அறையாகத் துடைத்தாள். கடைசி மூலையைத் துடைத்து நிமிர்ந்தபோது முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. வீடு ஸ்டார்ட் ஆனது. ஒரு வண்டிக்கு வேண்டியதையெல்லாம் முப்பது வருஷமாக வாங்கிக் குடித்த வீட்டுக்கு, டீசல் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பனிமூட்டத்தில் தெருவே வாயைப் பிளந்துகொண்டு கூடியது. ஷாஜியாவின் அம்மா, பக்கத்து வீட்டு பாயிஜா, மார்பில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் அப்துல் வஹீத், சாமிக்கண்ணுவோடு பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர், வாயில் பிரஷ்ஷோடு வந்து சுவரில் காதை வைத்தார். சக்கரம் எங்கே என்று யாரோ கேட்க, குனிந்து பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்றார்.

"ஐட்லிங் சுத்தமா இருக்குது அண்ணி. சும்மா உறுமிகினு நின்னா ஆயில்தான் வீணாப் போவும். எடுத்துடுங்க."

"எங்க எடுக்கிறது பாய்? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்களே!"

"அண்ணன் எதுல எத ஊத்தினாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அது போதும்."

மாணிக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியும். ஒவ்வொரு கேனுக்கும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள், ஒன்றுகூட மறக்கவில்லை. முன்னறை ஜன்னலோரம் இருந்த மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து மிதியை அழுத்தினாள். வீடு மெல்ல முன்னால் நகர்ந்தது. தண்ணீர்க் குழாய், பால் குடித்துக்கொண்டிருந்த கன்றைப் பிடித்து இழுத்த மாதிரி, விடமாட்டேன் என்று நீண்டு, பிறகு விட்டது. கைச்சக்கரத்தைத் திருப்பினாள், வீடு மாமரத்தை ஒதுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறியது. "தாப்பாளு, பாயிஜா, தாப்பாளு!" என்று அவள் கத்த, பதறி எழுந்து உள்ளே ஓடிய பாயிஜா குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டாள். வீடு சொல்லி வைத்தாற்போல் நின்றது.

அதன்பின் வஹீத் லீவு சொல்லிவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்து மனைக்கு வழிகாட்ட, டிவிஎஸ்ஸில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு முன்னால் போனார். பாயிஜா குளியலறையில் முக்காலி போட்டுத் தாழ்ப்பாளோடு உட்கார்ந்தாள். பண்ருட்டி தாண்டுவதற்குள் சுவரெல்லாம் கொதித்துவிட்டது. பிளஷ்ஷை இழுத்துவிட்டதும் தணிந்தது. பலாப்பழக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டு எழுந்து நின்றார்கள். பஸ்ஸில் போனவர்களில் ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை, அவ்வளவு அதிர்ச்சி. ரயில்வே கேட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் வீடு இருபது நிமிஷம் காத்திருந்தது. கேட்காரர் ராயப்பன், நீளமான வண்டிக்குச் சொல்வதைத்தான் அதற்கும் சொன்னார், பின்பக்கம் பார்த்து ஏறுங்கள் என்று.

மத்தியானம் ஒரு மணிக்கு மனை வந்தது. புல் மண்டிய துண்டு நிலத்தில் நான்கு கல் தெரிந்தது. மாணிக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்ப, வீடு பின்வாங்கி, கற்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, தானாக அணைந்தது. அவள் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தாள். நான்கு பக்கமும் ஒரு கட்டைவிரல் இடைவெளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலையில் வீடு உறுமியதற்குக்கூட அவள் இப்படி அதிர்ந்துபோகவில்லை.

"கல்லு நட்டப்ப நான்தான் டேப்பு புடிச்சேன், அண்ணி," என்றார் வஹீத். "குவார்ட்டர்ஸ் அளவு எதுக்குண்ணேன்னு கேட்டேன். சிரிச்சிகினு நின்னாரு, வாயத் தொறக்கல."

மாணிக்கம்மாள் மூலைக்கல்லைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "சொல்லித் தொலைச்சிருந்தா அந்த டீசல அன்னிக்கே உள்ள வுட்டிருப்பேனேய்யா! நீ ஓட்டிகினு வந்திருப்பியே!" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். முப்பத்தொரு வருஷத்தில் அவரோடு போட்ட சண்டைகளில் அது ஒன்றுக்குத்தான் பதில் வரவில்லை.

சாயங்காலம் சாவியை வாங்கப் போன அறிவுச்செல்வன், சதுரமாக வெறும் மண்ணைப் பார்த்துத் திகைத்து நின்றான். வஹீத் சாவியை நீட்டினார். வீடே இல்லாதபோது அதில் யாரும் குடியிருக்க முடியாது என்பதால் 'காலி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். சற்று யோசித்து, 'இடிக்கப்பட்டது' என்பதிலும் அடித்தான். மேல்பட்டாம்பாக்கத்தில் கரன்ட் கனெக்‌ஷன் வர மூன்று மாதம் ஆனது, மற்றவர்களுக்கும் அவ்வளவுதான் ஆகிறது.

வீடு அதற்குப்பின் எங்கும் போகவில்லை. தினமும் காலை ஐந்து நாற்பத்தைந்துக்கு ஸ்டார்ட் ஆகி, ஒருவர் சட்டை மாட்டிப் பொத்தான் போடுகிற நேரம் ஓடிவிட்டு அணைகிறது. கரும்பு வெட்டப் போகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுகிறார்கள். அப்போது மாணிக்கம்மாள் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வஹீத் ஒரு கேன் பழைய ஆயில் கொண்டுவருகிறார். வாசலிலேயே வாங்கி, மோந்து பார்த்து, இவ்வளவு கருப்பாக இருக்கிறதே என்று சண்டை பிடித்துவிட்டு, கதவு கதவாக அவளே விடுகிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மூடி டீசல் விட்டுத் தரை துடைக்கிறாள். எறும்பு வருவதில்லை.