வண்டி சரியில்லை

பெயிண்ட் கடைக்காரருக்கு ‘ஸ்டெப்னி’ என்று பெயர் வந்த கதையை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டெப்னிச் சக்கரத்துக்கு இடம் வண்டிக்குப் பின்னால். அவருக்கு இடம் எல்லா வண்டிகளுக்கும் பின்னால். சின்னக்கார் பந்தயம் தொடங்கிய நாள் முதல், ஓடுகிற நிலையில் அவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்த ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது.

ஒவ்வொரு முறையும் தலைக்கவசத்தைக் கழற்றுமுன்பே அவர் சொல்வது ஒன்றுதான்: “வண்டி சரியில்லை.” கிளட்ச் வழுக்குகிறது. பெட்ரோலில் தண்ணீர். எதிர்க்காற்று அவர் திரும்பிய பக்கமெல்லாம் தானும் திரும்பி வந்து அடித்தது. ஒருமுறை காகம் ஒன்று பானெட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. காகம் உட்காருகிற வேகத்தில்தான் போனோம் என்பதை மனிதர் தன் வாயாலேயே சொல்லிவிட்டாரே என்று அன்று சிரித்த சிரிப்பில் ஐஸ்கிரீம் கடைக்காரரின் பல்செட் கழன்று புல்லில் விழுந்தது.

உண்மையில் சரியில்லாத வண்டி என்று அங்கே ஒன்று இருக்கவே முடியாது. எல்லாம் ஒரே மாடல், ஒரே கிழட்டு வயசு. வார நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் காய்கறியை வீட்டுக்கும் சுமக்கிற குட்டிக் கார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவில் டேப்பால் எண் ஒட்டினால் பந்தயக் கார்கள். விமானம் வராமல் போன பழைய ஓடுதளம்தான் களம். எஞ்சினில் யாரும் கை வைக்கக் கூடாது. சங்கம் சேர்த்திருந்த ஒரே கூடுதல் பாகம், முன்கதவுகளின் உள்ளே குறுக்காக ஓடும் தடித்த இரும்புக் குழாய்கள், கதவுக்கு இரண்டு. பக்கத்து வண்டி வந்து மோதினால் கதவு ஓட்டுபவரின் விலாவோடு கைகுலுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. குழாயை மாட்டி, உள்பலகையை மூடி, திருகுகளின் தலையில் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார் புள்ளி சார். கடிகாரம் பழுதுபார்க்கிற மனிதர். கொசுவுக்கே கண்ணாடி மாட்டிவிடுகிற கை. அவர் வைத்த புள்ளி கலைந்திருந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எடைக்கும் ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் ஆளோடு சேர்த்து வண்டியைத் தராசில் ஏற்றுவார்கள். வைத்திருக்கிற அளவுக்குக் குறையக் கூடாது. ஒல்லியானவர்கள் மணல்மூட்டை வைத்து ஈடுகட்டிக்கொள்வார்கள். ஸ்டெப்னியின் கொழுந்தியாள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், மூட்டை மேல் மூட்டையாக அடுக்குவாள். காற்றில் பறந்துவிடாமல் இருக்கத்தான் அவள் பேருந்து ஓட்டப் போனாள் என்று அவள் அக்காவே சொல்வதுண்டு. ஸ்டெப்னிக்கு மூட்டை தேவைப்பட்டதில்லை. அவருடைய தொந்தி முதலில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். தராசு முனகும்.

“வண்டியில குறை ஒண்ணும் இல்லைங்க,” என்பாள் மனைவி. “தொந்தியக் குறைங்க. தானா ஓடும்.”

குறைக்கக் கிளம்பினார். காலையில் நடந்தார். பேக்கரி வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஆட்டோவில் திரும்பினார். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது: தொந்தியைக் குறைப்பதற்குப் பதில் வண்டியைக் குறைத்தால்? தராசுக்குத் தெரிவது மொத்த எடை மட்டும்தானே. அதில் தொந்தி எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு பிற்பகல், மனைவி கண்ணயர்ந்த நேரத்தில், இரண்டு கதவுகளையும் பிரித்து நான்கு குழாய்களையும் உருவினார். பலகையைத் திரும்ப மாட்டினார். பச்சைப் புள்ளிதான் பாக்கி. அது அவருக்குப் பெரிய காரியமா? வானவில்லே கடைக்கு வந்து தன்னிடம் ஒரு நிறம் வெளுத்துவிட்டது என்று அழுதாலும், கண்ணால் பார்த்தே கலந்து கொடுத்தனுப்பக்கூடிய ஆள். பிரஷ் முனையால் தொட்டு வைத்தார். புள்ளி சார் வைத்த புள்ளியைவிட இது லட்சணமாக இருந்தது.

குழாய்களை மறைக்க எடுத்துக்கொண்டு திரும்பியபோது மனைவி வாசலில் நின்றாள்.

“என்னங்க அது கையில?”

“இதுவா? உனக்குத்தான். துணி காயப்போட.” நாக்கு அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

கல்யாணமான இத்தனை காலத்தில் கேட்காமல் ஓர் ஆணிகூட வாங்கி வராத மனிதர். அவள் அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கா?” என்றாள். அவர் பால்கனியில் கம்பி கட்டி, நான்கையும் வரிசையாகத் தொங்கவிட்டுக் கொடுத்தார். அவள் உடனே தங்கைக்குப் போன் போட்டு, “உங்க மாமா எனக்காக அவரே பாத்துச் செஞ்சார்டீ” என்று பாதி நகரத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள், படமும் எடுத்து அனுப்பினாள்.

அடுத்த பந்தயத்தில் உலகம் தலைகீழானது. ஸ்டெப்னி முதலில் வந்தார். கொடி ஆட்டுகிறவர் கொடியை ஆட்ட மறந்து வாயைப் பிளந்தார். தராசு, அளவு சரி என்றது. மைக்கில் அறிவித்தவர், தவறாக வாசிக்கிறோமோ என்று மறுபடி வாசித்தார். மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள்.

“வண்டி எப்படி மாமா?” என்று யாரோ கத்தினார்கள்.

“சரியாத்தான் இருக்கு,” என்றார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார்.

அதே பந்தயத்தில் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்து கடைசியாக உருண்டு வந்தாள் கொழுந்தியாள். வந்தவள் நேராக அவர் முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

“மாமா, சாவி.”

ஸ்டெப்னி சாவி வளையத்தை விரலில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். அந்தப் பந்தயத்தின் தனி வழக்கம் அது. காலைப் பந்தயத்தில் கடைசியாக வந்தவர் கேட்டால், முதலில் வந்தவர் மாலைப் பந்தயத்துக்குத் தன் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். யாரும் திருட்டு வேலை செய்யாமல் இருக்கச் சங்கம் கண்டுபிடித்த மருந்து. சாவியை மறுத்தால் களவை ஒப்புக்கொண்ட மாதிரி. கடைசியாகவே வந்து பழகியவருக்கு, கேட்கிற பக்கம் மட்டும்தான் தெரியும். கொடுக்கிற பக்கம் ஒன்று இருப்பதே நினைவில்லை.

“உன் கேபிள மாத்திடலாமேம்மா. சின்ன வேலைதானே?”

“நீங்க மாத்தி நீங்களே ஓட்டுங்க. என் வண்டி பழகின வண்டி, உங்களைக் கைவிடாது.” சாவியை அவர் விரலிலிருந்து பூப்பறிப்பது போல் எடுத்துக்கொண்டு போனாள்.

அவருடைய முதல் பயம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், தராசைப் பற்றித்தான். அவளுடைய வழக்கமான மூட்டைகளோடு இந்த வண்டி ஏறினால் எடை குறையும், குட்டு உடையும். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கூடுதலாக மணல்மூட்டைகளைச் சுமந்து வந்து பின்சீட்டின் அடியில் திணித்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. நிமிர்ந்தபோது ஒரு நிம்மதி. இனி எமனே வந்து எடைபோட்டாலும் கணக்கு சரியாக இருக்கும்.

அவள் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மற்ற வண்டிகளின் கதவு சாத்தும்போது ‘தொம்’ என்னும். இது, காலி பிஸ்கட் டப்பாவை மூடின மாதிரி ‘டப்’ என்றது. அந்த ‘டப்’ அவருக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. அவள் ஒன்றும் அறியாமல் முழங்கையைக் கதவின் மேல் வைத்து இருக்கை வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே விலா. விலாவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஒரு தகடு.

அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் கடைக்காரர் தலைக்கவசத்தோடு வந்து சேர்ந்தார். கொண்டை ஊசி வளைவில் யாரையாவது பக்கவாட்டில் இடிக்காவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

“தங்கச்சி, இன்னிக்கு வளைவுல உள்பக்கம் என்னுது. சொல்லிட்டேன்.”

“வாங்கண்ணே, பாத்துக்கலாம். கதவு இருக்கு, தாங்கும்.”

ஸ்டெப்னி ஜன்னலருகே ஓடினார். மூட்டை எடைக்குப் பதில் சொல்லும். இடிக்குப் பதில் சொல்லுமா? “ஏம்மா, இறங்கு. கிளட்ச் சரியில்ல.”

“அப்படியா மாமா?”

“பிரேக்கும் ஒரு பக்கமா இழுக்குது.”

“காகம் ஏதும் உட்காந்துச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “நிஜமாத்தான் சொல்றேன். வண்டி சரியில்ல!” என்றார். சிரிப்பு இன்னும் பெருத்தது. வருஷக்கணக்காக அந்த வாக்கியத்தைப் பொய்யாகவே செலவழித்தவர். இன்று உண்மையாகத் தேவைப்பட்டபோது அதற்குச் செல்வாக்கே இல்லை.

“சாவி குடுக்க மனசு இல்ல மனுஷனுக்கு,” என்றார் ஐஸ்கிரீம் கடைக்காரர்.

வரிசைக்கு வரச் சொல்லி ஹாரன் ஊதினார்கள். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். மனைவி வேலியோரம் நின்று, யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் தங்கைக்கும் கணவருக்கும் சேர்த்துத் தட்டினாள்.

ஸ்டெப்னி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, தன் கையால் வைத்த பச்சைப் புள்ளியின் மேலேயே வைத்துத் திருகினார். முதல் திருகு தெறித்து எங்கேயோ போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பலகை கழன்று வந்தது. உள்ளே தகடு, ஒரு வயர், கொஞ்சம் தூசி.

கொழுந்தியாள் குனிந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு, முழங்கை, தோள் வரைக்கும் போயிற்று, தடுக்க ஒன்றுமில்லை.

“குழாய் எங்க மாமா?”

நாக்கு அன்று முந்திக்கொண்டது போல் இன்று முந்தவில்லை. கண் மட்டும் அவரை அறியாமல் வேலிப்பக்கம் போனது. கொழுந்தியாளும் அந்தப் பக்கம் திரும்பினாள். அக்கா பால்கனிப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தாளே. அவளுக்கு விளங்க நேரமாகவில்லை.

“அக்கா,” என்றாள், மெதுவாகத்தான். “உன் துணிக்கம்பி.”

மனைவியின் கைகள் தட்டுகிற நிலையிலேயே நின்றன. பிறகு ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கின.

புள்ளி சார் வந்தார். குழாயைப் பற்றி அவர் பேசவில்லை. கழன்ற திருகு ஒன்றைப் பொறுக்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். “நல்லா வெச்சிருக்கே,” என்றார். “இந்தப் பச்சை உன் கடையிலதான்யா வாங்கினேன். நீதான் கலந்து குடுத்தே. வேற யாருக்கும் இந்த நிறம் குடுக்காதேன்னு உன்கிட்டதான் சொன்னேன்.”

பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லி உள்ளே போயிருப்பார். பூமிக்கு அவ்வளவு பெரிய தொந்திக்கு இடமில்லை போலும். நின்றார். ஐஸ்கிரீம் கடைக்காரர்கூட ஒரு கேலி சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சங்கம் அவரை விலக்கவில்லை. வருஷம் முடிகிறவரை கொண்டை ஊசி வளைவில் கொடி பிடித்து நிற்கச் சொன்னது. வீட்டில் மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், ஆசைப்பட்டார் என்றே சொல்லலாம். அவள் பால்கனிக்குப் போய்த் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குழாய்கள் வெறுமையாக ஆடின. “கழட்டிக்கோங்க” என்றாள், அவ்வளவுதான். மறுநாள் நல்ல நைலான் கயிறு வாங்கி வந்து வைத்தார். அது வைத்த இடத்தில் இருந்தது. துணி நாற்காலி முதுகுகளில் காய்ந்தது.

குழாய்களை அவரே மாட்டினார். புள்ளி சார் வந்து சோதித்து, வேறு நிறத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அந்த நிறம் எந்தக் கடையில் வாங்கியது என்று ஸ்டெப்னி கேட்கவில்லை.

கொழுந்தியாள் பேச்சை நிறுத்தவில்லை. இப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், இப்போதும் கிண்டல் செய்கிறாள். ஆனால் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்காவது கூட்டிப்போக அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஏறுமுன் விரல் முட்டியால் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். அவளுக்கே தெரியாமல் படிந்துபோன பழக்கம். ‘தொம்’ என்று கேட்கும். அவர் அந்த நேரம் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.