இறங்கும் பாதி

எங்கள் புரொபசருக்கு நாங்கள் வைத்த பெயர் கால்நனையார். கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவர், படகில் ஏறினால் வாந்தி வரும் என்று கரையில் நின்று கையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். கடலில் இறங்குவது கிளைடர். அதை ஓட்டுவது நான்.

கிளைடர் என்றால் ஆள் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு குழாய், இரண்டு பக்கமும் சின்ன இறக்கை. தண்ணீரைத் தள்ளும் விசிறி கிடையாது. வெளியே உள்ள பையிலிருந்து எண்ணெயை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டால் மூழ்கும், திரும்ப வெளியே தள்ளினால் ஏறும். இப்படியே இறங்கி ஏறி, இறங்கி ஏறி மாதக்கணக்கில் போகும். வழியெல்லாம் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும். எங்கே போக நினைத்து எங்கே போய்த் தலை தூக்குகிறது என்று பார்த்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மேலே வந்ததும் செயற்கைக்கோள் வழியாக எனக்குச் செய்தி வரும். நான் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஏ.சி. சொட்டுகிற மூலையில் வாளி வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று பதில் அனுப்புவேன். என் அக்கா மகனைவிட அது என் பேச்சைக் கேட்கும்.

உப்பை அளப்பதில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. சென்சார் உப்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது, சூடு எவ்வளவு, இந்த இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். வெதுவெதுப்பான மேல் நீரிலிருந்து சில்லென்ற அடி நீருக்குள் இறங்கும்போது, அளக்கிற கண்ணாடிக் குழாய் உடனே ஆறாது. பழைய சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். அதனால் இல்லாத உப்பு இருப்பதாகக் கணக்கு வரும். ஏறும்போது நேர்மாறாக, இருக்கிற உப்பு குறைந்து தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைச் சரிசெய்ய ஒரு வழியை நான் கண்டுபிடித்தேன். கண் எரிய எரிய வருடக்கணக்கில் செய்த வேலை.

கால்நனையார் அதை அப்படியே தன் பெயரில் கட்டுரையாகப் போட்டுக்கொண்டார். நேரே போய்க் கேட்டேன்.

"ஓட்டுறவங்க பேரையெல்லாம் போட ஆரம்பிச்சா, அப்புறம் படகுக்காரர் பேரையும் போடணும்மா," என்று சிரித்தார்.

திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அவர் என் ஃபோல்டரைத் திறப்பார். கடைசியாகத் திறந்தது யார் என்று கணினியே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த பயணத்தின் டேட்டா வந்ததும் 'இறுதி' என்று பெயரிட்டு ஒரு ஃபைலை அதில் வைத்தேன். கிளைடர் இறங்கும்போது அளந்தது மட்டும் அதில் இருந்தது. எதையும் சரிசெய்யவில்லை. ஒரு பொய் எண்கூட நான் எழுதவில்லை. கடல் கொடுத்ததையே கொடுத்தேன், பாதியை மட்டும்.

மனிதர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நான் வைத்தது என்றால் சரிசெய்ததாகத்தான் இருக்கும் என்று என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! நடுக்கடலின் ஆழத்தில் ஓர் உப்பு ஆறு ஓடுகிறது என்று அறிவித்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை என் பக்கத்து மேஜையில் உட்காரவைத்து, அந்த ஆற்றுக்குப் படம் வரையச் சொன்னார். அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். படம் செய்தித்தாள்வரை போனது. அந்த ஆற்றைப் பற்றி அவர் எல்லோர் முன்னாலும் பேச ஒரு கூட்டமும் ஏற்பாடானது.

அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க சார் படம் பேப்பர்ல வந்திருக்கே. நடுக்கடல்ல ஆறு ஓடுதாமே?"

"ஓடலக்கா," என்று நடந்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி! உன் வேலை நிரந்தரம் ஆகப் போற நேரம்டி இது. அதை முடிவு பண்ற கமிட்டிதானே கூட்டத்துல முன்வரிசைல வந்து உக்காரும்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"ஒரே ஒரு கேள்விதான்க்கா கேக்கப் போறேன்."

"உன் ஒரு கேள்விக்கே ரெண்டு மாப்பிள்ளைங்க வந்த வழியே ஓடிட்டாங்க."

கூட்டத்தன்று கால்நனையார் புது கோட்டு போட்டிருந்தார். திரையில் சிவப்பாக ஆறு ஓடியது. ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் அம்மாவும் கமிட்டியும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிந்து கேள்வி உண்டா என்றதும் எழுந்தேன்.

"சார், இது கிளைடர் இறங்கும்போது அளந்தது. ஏறும்போது என்ன காட்டுச்சு?"

"ஏறும்போதா?" மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இறங்கினது ஏறித்தானே சார் ஆகணும்? அந்தப் பாதி எங்க? சூட்டுக்காகச் சரிபண்ணினீங்களா? அதுக்கு வழி சொன்ன கட்டுரையே உங்க பேர்லதானே இருக்கு?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கால்நனையாரின் நெற்றியில் வேர்த்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையை நீட்டினார். சின்னவளை நோக்கி.

"டேட்டா வேலை முழுக்க இந்தப் பொண்ணு பார்த்தது. பாதியை எங்கயோ விட்டிருக்கு. சின்னப் பிள்ளைங்களை நம்பினா இப்படித்தான்."

"யார் பொறுப்போ அவங்க இனிமே இங்க இருக்கக் கூடாது," என்றார் இயக்குநர் அம்மா.

சின்னவள் எழுந்து நின்றாள். "சார் குடுத்த ஃபைலைத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பார்த்துப் பார்த்து வைத்த பொறியில் வேறொருத்தியைத் தள்ளிவிட்டு இந்த மனிதர் தப்பிக்கப் போகிறாரே என்ற ஆத்திரம்தான்.

"அந்த ஃபைல் என்னோடது மேடம். என் ஃபோல்டர்லேர்ந்து சார் எடுத்தது. எடுப்பார்னு தெரிஞ்சுதான் பாதியை மட்டும் வச்சேன். ஏறின பாதி என்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

"தெரிஞ்சே அரைகுறை டேட்டாவை வச்சீங்களா?"

"என் ஃபோல்டர்ல வச்சேன் மேடம். அவர் கட்டுரைல நான் வைக்கல."

போட்டுக் காட்டினேன். இரண்டு பாதியையும் சேர்த்ததும் சிவப்பு ஆறு எல்லோர் கண்முன்னும் காணாமல் போனது. கால்நனையார் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரிந்தே டேட்டாவில் விளையாடியவள் என்று என்னையும் மாதக் கடைசியோடு நிற்கச் சொன்னார்கள். "அவரை முழுகடிக்கிறேன்னு நீயும் சேர்ந்து முழுகிட்டியேடி," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கென்னவோ வருத்தம் வரவில்லை. கிளைடர் ஓட்டும் நாற்காலி சின்னவளுக்கு என்று முடிவானதில்கூடச் சந்தோஷம்தான். என்னால் பிழைத்தவள், நன்றியோடு இருப்பாள் என்று நினைத்தேன்.

கடைசி நாள் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, அந்த ஆறு பொய்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்ல?"

"தெரியும்."

"நாலு மாசம் அதைத்தான் உயிரைக் குடுத்து வரைஞ்சேன். எங்க அப்பா அந்தப் பேப்பரைக் கத்தரிச்சு வீட்டுல ஒட்டி வச்சிருக்காரு. நீங்க பக்கத்து மேஜைலதானே இருந்தீங்க?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் அதை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க," என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

சொன்னேன்.