மழைத் தட்டுகள்

இந்த மழைக்காலத்தில் நான்காவது முறையாக அண்ணனின் காரில், இன்ஜினின் ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகள் தண்ணீரால் நிரம்பியிருந்தன. கார் நிற்பது என் ஒர்க்‌ஷாப்புக்குள். கூரையில் ஊசி நுழையும் ஓட்டைகூடக் கிடையாது. ஏணி போட்டு ஏறித் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். எரிச்சலில் பானெட்டைப் படாரென்று சாத்தினேன். எரிச்சல் என்று சும்மா சொல்கிறேன், பயம்தான்.

அந்த பானெட்டில் காற்றுத் திறப்புகளை வெட்டியவனே நான். ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது இன்ஜின் சூடு அதன் வழியாக வெளியேறும். சாதாரண ரோட்டில் மழை உள்ளே இறங்காமலிருக்க, அடியில் இரண்டு தகரத் தட்டுகளைத் திருகியிருப்போம். டிராக்கில் கழற்றுவோம், வீடு திரும்பும்முன் மாட்டுவோம். போன வருடம் கழற்றினேன், மாட்டவில்லை. மேகமே இல்லையே என்ற அசட்டை. அண்ணன் தனியாகக் கிளம்பினான். வழியில் மழை பிடித்தது. இன்ஜின் நனைந்து, கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்காமல் வந்து மோதியது. பின்பக்கம் நசுங்கிய கார் மட்டும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தது.

ரேஸ்காரன்தானே, கண்மண் தெரியாமல் ஓட்டிச் செத்தான் என்று ஊரே முடிவு கட்டியது. நான் வாயே திறக்கவில்லை.

நான்காவது முறை குழிகள் நிரம்பியிருந்த அன்று காலை அண்ணி வந்தார்.

"தம்பி, ஸ்கூல்ல யாரோ பாப்பாகிட்ட, உங்கப்பா வேகமா போய்த்தானே செத்தாருன்னு கேட்டிருக்காங்க. ராத்திரி பூரா அழுகை. வண்டிய பத்தி உங்களுக்குத்தான் தெரியும். நிஜமாவே வேகமாத்தான் போனாரா?"

"ரோடு வழுக்கியிருக்கும் அண்ணி."

பூசி மெழுகுவது எனக்குக் கைவந்த கலை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தட்டுகளை எடுத்து, குழிகளைத் துடைத்து, எட்டுத் திருகாணிகளையும் இறுக்கினேன். இத்தோடு விட்டுவிடு அண்ணா என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

மறுநாள் மத்தியானம் வெளியே மழை கொட்டியது. பானெட்டைத் தூக்கினேன். கூரை ஒழுகாமலே, தட்டுகளின் ஓரக் குழாய் வழியாகத் தண்ணீர் தரையில் வடிந்துகொண்டிருந்தது. பிளக் குழிகளில் பொட்டு ஈரமில்லை. சாவியைத் திருகினேன். ஒரு வருடமாக முரண்டு பிடித்த இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வெளியே மழை கொட்டக் கொட்ட, ஒரு தடவைகூடத் திணறாமல் ஓடியது.

அதை அணைக்காமலே அண்ணிக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி, என்ன சத்தம் அது?"

"அண்ணன் வண்டி, அண்ணி. அண்ணன் வேகமா போகல. வண்டி நின்னுபோச்சு. நிக்க வச்சது நான். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, காட்டுறேன்."