காவேரியின் முழங்கைக்கு ஒரு கோணம்

1

இந்தக் கதை ஒரு பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எனக்குக் கிடைத்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கி, பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போய்க் காத்திருந்தேன். திரைக்கு உள்ளே மருத்துவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "முழங்கையை அசையாதபடி சேர்த்துடப் போறோம்மா. எந்த அளவு மடக்கி வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

ஒரு பெண்குரல் திருப்பிக் கேட்டது: "சோறு துன்றதுக்கா, வண்டி ஓட்டுறதுக்கா சார்?"

அதற்குள் என்னை எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. இடது கையால் மட்டும் தட்டச்சு செய்கிறேன். வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பட்டு நெசவாளியான காவேரி —

அழித்துவிட்டேன். காஞ்சிபுரம் என்றதும் விரல் தானாகத் தறிக்குப் போகிறது. அந்தப் பெண் சொன்னது 'வண்டி'. பிறகு:

விதி அவளது முழங்கையில் வந்து —

இதையும் விட்டுவிட்டேன். விதி இல்லை, நாய். காவேரி ஆட்டோ ஓட்டுபவள். ஊரை ஒட்டிய ஓரிக்கைப் பக்கம் குறுக்கே ஓடிவந்த நாய்க்காக வண்டியை ஒடித்தாள். வண்டி கவிழ்ந்து வலது முழங்கை நொறுங்கியது. எலும்பைப் பொருத்த வைத்த தகட்டில் சீழ் பிடித்து, அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கையைக் கொஞ்சம் அசைத்தாலும் உயிர் போகும் வலி. செயற்கை மூட்டு வைத்தால் பாரம் தாங்காது. எலும்போடு எலும்பைச் சேர்த்துவிட்டால் வலி நிற்கும். ஆனால் சேர்த்தது சேர்த்ததுதான்.

3

முழங்கை என்றால் கதவின் கீல் மாதிரி, மடங்கும், நீளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் எக்ஸ்ரேவைப் பார்த்த பிறகு ஆர்வம் வந்துவிட்டது. முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கை மேலே பார்க்கும்போது அவை பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. கையைக் கவிழ்த்தால், கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு மற்றொன்றின் மேல் குறுக்கே புரள்கிறது. உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு, சாவி திருப்புவதுபோல் திருப்பிப் பாருங்கள். உள்ளே உருள்வது தெரியும். இத்தனை வருடம் இது என் கைக்குள் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

காவேரிக்குக் கீல் போகும், உருளல் இருக்கும். மணிக்கட்டும் இருக்கும். ஆட்டோவின் பிடியை முறுக்க அது போதும், கை அங்கே போய்ச் சேர்ந்தால்.

மருத்துவர் அவளுக்கு விளக்கினார்: "'ட' எழுதுறோமே, அந்த மடிப்பை விட இறுக்கமா வச்சா வாய்க்கு எட்டும். விரிச்சு வச்சா வண்டிப் பிடிக்கு எட்டும். ரெண்டும் கிடைக்காதும்மா. முதல்ல மாவுக்கட்டுல ரெண்டையும் பழகிப் பாருங்க."

4

முதல் கட்டு கையை இறுக்கி மடக்கியது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாகக் காவேரி தன் வலது கையால் சாப்பிட்டாள். ரசத்தைக்கூட விடவில்லை. பிறகு எழுந்துபோய், பழுது பார்த்து நிறுத்தியிருந்த ஆட்டோவில் உட்கார்ந்தாள். இடது கை பிடிக்குப் போனது. வலது கை நெஞ்சுக்கு முன்னால், யாருக்கோ பாதிக் கும்பிடு போடுவதுபோல் நின்றது.

கணவன் அருள் வாசலில் நின்று பார்த்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவனுக்கு.

"இதே இருக்கட்டும் காவேரி. வண்டிய குட்த்துடலாம். நான் வேலைக்குப் போய்க்கினுதான இருக்கேன்?"

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

(அருளை இங்கே கொஞ்சம் கெட்டவனாக எழுதியிருந்தால் கதை வேகமாக ஓடியிருக்கும். முடியவில்லை. தினமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவன் அவன். பின்னல் கோணலாகத்தான் வரும்.)

5

இரண்டாவது கட்டு கையை விரித்து வைத்தது. கை பிடியைத் தொட்டது. என்ஜினைப் போடாமலேயே காவேரி பிடியை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள்.* இந்த இடத்தில் அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் அழுதிருக்கவும் கூடும்.

அந்த வாரமே அருளின் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் காவேரி வலது கையால் சாம்பார் சாதத்தை எடுத்தாள். கை வாய்க்கு முன்னால் நின்றுவிட்டது. கழுத்தை நீட்டினாள். எட்டவில்லை. சோறு புடவையில் விழுந்தது. இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் கையால் சாப்பிடத் தொடங்கினாள்.

அருளின் அக்கா பட்டம்மாள் குனிந்து கிசுகிசுத்தாள். "இன்னாமா இது, பீச்சாங் கைல? நாலு பேரு பாக்குறாங்க இல்ல?"

"பாத்துக்கினு இருக்கட்டும் அண்ணி. எனுக்குப் பசிக்குது."

வீட்டுக்கு வரும் வழியில் அருள் கேட்டான்: "என்னைக் கூப்ட்டிருந்தா ஊட்டி வுட்டிருப்பேன் இல்ல?"

"அதான் மாமா எனுக்குப் பயம்."

"இதுல இன்னா பயம்?"

"பழகிடும்."

* லைசென்ஸ் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்பார். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியை நான் கதைக்குள் கூப்பிடவில்லை. வந்தால் இது வேறு கதையாகிவிடும்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. கை வாய்க்கு எட்டும்படியே இருக்கட்டும். வெல்டிங் கடையில் சொல்லி ஆட்டோ சீட்டை முன்னால் தள்ளிவிடலாம். சோறும் உண்டு, வண்டியும் உண்டு. ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். படிக்க மிகவும் இனித்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

ஸ்டாண்டுக்குப் போய், ஓர் ஆட்டோவின் ஓட்டுநர் இருக்கையில் நுனிவரை நகர்ந்து, கையை இறுக்கி மடித்துவைத்து உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. பிடியைத் திருப்பினால் அது வயிற்றில் குத்தியது.

வண்டிக்காரர் ஓடிவந்தார். "எங்க சார் போவணும்?"

"எங்கேயும் இல்லை" என்று இறங்கிவிட்டேன். அந்தப் பக்கத்தை அழித்தாயிற்று.

7

"வண்டிக்கு எட்டுற மாதிரியே வைங்க சார்" என்றாள் காவேரி.

"வீட்ல பேசிட்டீங்களாம்மா?"

"கை என்னுதுதான சார்?"

அருள் எக்ஸ்ரே உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவ சொல்றபடியே வைங்க சார்" என்றான்.

எலும்பு சேர்ந்தது. வலி நின்றது. கட்டுப் பிரித்து, பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனபின் ஒரு நாள் மாலை, யாரையும் ஏற்றாமல் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள் காவேரி. வளைவுகளில் முழங்கை செய்யவேண்டியதைத் தோள் செய்தது. வந்து இறங்கியபோது ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. முகம் மட்டும் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையினுடையது.

அன்று வீட்டில் மீன் குழம்பு. வலது கையால் சாப்பிட, நீளமான காம்பு வைத்த கரண்டியை மருத்துவர் வாங்கச் சொல்லியிருந்தார். அது அலமாரியில்தான் கிடந்தது. முள் எது, சதை எது என்று கரண்டிக்குத் தெரியாது. காவேரியின் இடது கை தட்டில் மெதுவாக முள்ளைத் தேடிக்கொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அருள், தன் தட்டிலிருந்து முள் நீக்கிய மீனைச் சோற்றோடு பிசைந்து உருட்டி, அவள் வாயருகே நீட்டினான்.

மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

காவேரி வாயைத் திறந்தாள்.

காவேரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தட்டுல வையி மாமா, நானே —"

மூன்றையும் நான் நம்புகிறேன். அதுதான் சிக்கல். காவேரியை உங்களுக்கும் இப்போது என் அளவுக்குத் தெரியும். அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அருளின் கை சோற்றோடு அந்தரத்தில் நிற்கிறது. நீட்டிய கை கொஞ்ச நேரத்தில் வலிக்கத் தொடங்கும்.